வீடு பார்க்க வரும் தேனீ

தேனீ வளர்க்க ஆசைப்பட்ட ஒருவர் புதுப் பெட்டி வாங்குகிறார். பளபளவென்று பச்சை வண்ணம் அடித்து மாமரத்தடியில் வைத்துவிட்டுக் காத்திருக்கிறார். ஒரு மாதம் போகிறது, இரண்டு மாதம் போகிறது. திறந்து பார்த்தால் உள்ளே பல்லி முட்டையிட்டிருக்கிறது, சிலந்தி வலை பின்னியிருக்கிறது, தேனீயைத்தான் காணோம். அதே வாரத்தில் பக்கத்து வீட்டு மின்சார மீட்டர் பெட்டிக்குள் ஒரு கூட்டம் சத்தமில்லாமல் குடியேறி, ரீடிங் எடுக்க வந்தவரைத் தெருமுனை வரை துரத்தியிருக்கிறது.

மீட்டர் பெட்டி ஓர் உதாரணம்தான். ஓடாத ஸ்பீக்கர் பெட்டி, பரணில் கிடக்கும் தகர டிரங்கு, கிணற்றுச் சுவரின் பொந்து, கறையான் காலி செய்த புற்று, கொல்லையில் கவிழ்த்துப்போட்ட பானை என்று தேனீ குடியேறும் இடங்களைப் பார்த்தால், காசு கொடுத்து வாங்கிய பெட்டியை அது வேண்டுமென்றே அவமதிப்பதுபோல் தோன்றும். உண்மையில் மனிதர்கள் வீடு பார்ப்பதைவிடக் கறாராக வீடு பார்க்கும் பூச்சி அது. அளந்து பார்க்கும், மோந்து பார்க்கும், வாசலை வெளியே நின்று பார்க்கும், திரும்பிப் போய்க் கூட்டத்தாரிடம் சொல்லும். அது எதைப் பார்க்கிறது என்பது தெரிந்தால் பெட்டியை அதற்கேற்ப வைக்கலாம். காட்டுத் தேனீயை வரவழைப்பதில் இதற்கு மேல் வித்தை கிடையாது.

முதலில், எந்தத் தேனீ என்பதில் குழப்பம் கூடாது. தண்ணீர்த் தொட்டிக்கு அடியிலும் அடுக்குமாடியின் சன்ஷேடிலும் ஒற்றைப் பெரிய அடையை வெளிச்சத்தில் தொங்கவிடுவது மலைத்தேனீ. அதைப் பெட்டியில் அடைத்தால் தங்காது; சீண்டினால் கூட்டமாக வந்து கொட்டும், உயிர்ச்சேதம்வரை போனதுண்டு. புதர்க்கிளையைச் சுற்றி உள்ளங்கையளவு ஒற்றை அடை கட்டுவது கொம்புத்தேனீ. அதுவும் பெட்டிக்கு வராது. சுவர் ஓட்டையில் பிசினால் சின்னக் குழல் வாசல் வைக்கும் கொசுத்தேனீக்குக் கொடுக்கே கிடையாது. அதை வளர்க்கும் முறை தனி. பெட்டிக்கு வருவது இந்தியத் தேனீ. அறிவியல் பெயர் ஏபிஸ் செரானா இண்டிகா. இருட்டான பொந்துக்குள் பல அடைகளை இணை இணையாக அடுக்கிக் கட்டுவதால் அடுக்குத் தேனீ என்றும் பெயர். இத்தாலியத் தேனீயும் அடுக்காகத்தான் கட்டும் என்றாலும், அதை நம் ஊரில் விலைக்கு வாங்கித்தான் வளர்க்கிறார்கள்.

கிளையில் ஒரு கொத்து தொங்குகிறது, அடை எதுவும் தெரியவில்லை என்றால் அது என்ன தேனீ? தூரத்தில் நின்று உடலின் நீளத்தைப் பார்க்க வேண்டும். மலைத்தேனீ கிட்டத்தட்ட 2 செ.மீ. இருக்கும். அடுக்குத் தேனீ அதில் பாதியைவிடக் கொஞ்சம்தான் பெரியது, வயிற்றில் பட்டை பட்டையாக வரி ஓடும். சந்தேகமாக இருந்தால் தொடக்கக்காரர் அந்தப் பக்கமே போகாமல் இருப்பது நல்லது.

இனி, கூட்டம் ஏன் வீடு தேடுகிறது என்பதற்கு வருவோம். ராணி முட்டையிட்டுக்கொண்டே இருப்பதால் குடும்பத்தின் எண்ணிக்கை கூடும். ஆனால் குடும்பம் ஒன்றாகவே இருக்கும். ஒன்று இரண்டாக வேண்டுமென்றால் பிரிந்தாக வேண்டும். பூ பெருகி, உள்ளே இடம் நெருக்கும் காலத்தில் பணித் தேனீக்கள் அடையின் கீழ் விளிம்பில் நிலக்கடலையைத் தொங்கவிட்டதுபோல் ராணி அறைகளைக் கட்டும். அந்த அறைகளை மூடிய சில நாட்களில், புது ராணி வெளியே வருவதற்கு முன்பே, பழைய ராணி பெரும்பங்குத் தேனீக்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடும். மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு அம்மா வெளியேறும் ஏற்பாடு இது. பறக்க முடியாத அளவுக்குக் கொழுத்திருக்கும் ராணிக்குக் கடைசி நாட்களில் ஊட்டத்தைக் குறைத்து, பறக்கும் எடைக்குக் கொண்டுவருவதும் பணித் தேனீக்களின் வேலைதான்.

கிளம்புமுன் ஒவ்வொன்றும் வயிறு முட்டத் தேன் குடித்துக்கொள்ளும். வழியில் ஒரு கிளையில் இறங்கித் தாடிபோல் தொங்கும். காப்பாற்றக் கூடும் குஞ்சும் இல்லாத அந்த நேரத்தில் கூட்டம் பொதுவாகச் சாது. சில மணி நேரமோ ஓரிரு நாளோதான் அந்தத் தாடி. அதற்குள் வீடு கிடைத்தாக வேண்டும், ஏனென்றால் கையிருப்பு வயிற்றில் உள்ள தேன் மட்டுமே.

இன்னொரு வகை வெளியேற்றமும் உண்டு. பூ வறண்டால், எறும்பு ஏறினால், அடையில் மெழுகுப் பூச்சி விழுந்தால், அடிக்கடி திறந்து தொந்தரவு செய்தால் குடும்பம் மொத்தமாகக் கூட்டைவிட்டு ஓடிவிடும். இந்தியத் தேனீக்கு இந்தக் குணம் இத்தாலியத் தேனீயைவிட அதிகம். காலியாக வைத்த பெட்டிக்கு வருவது பிரிந்த கூட்டமாகவும் இருக்கலாம், ஓடிவந்த குடும்பமாகவும் இருக்கலாம்.

வீடு தேடும் வேலையை யார் செய்கிறார்கள் என்பது தெரியவந்தது 1949இல், குண்டுவீச்சில் நொறுங்கிக் கிடந்த மியூனிக் நகரத்தில். மார்ட்டின் லிண்டாவர் என்ற இளம் ஆய்வாளர், விலங்கியல் நிறுவனத்துக்கு வெளியே ஒரு புதரில் தொங்கிய கூட்டத்தைக் கவனித்தார். கொத்தின் மேற்பரப்பில் சில தேனீக்கள் நடனமாடின. பூ இருக்கும் திசையையும் தூரத்தையும் தேனீ நடனத்தால் சொல்கிறது என்பதை அவருடைய ஆசான் கார்ல் வான் ஃபிரிஷ் ஏற்கெனவே கண்டுபிடித்திருந்தார். 1973இல் நோபல் பரிசு கிடைத்தது அந்தப் பணிக்குத்தான். ஆனால் இந்த நடனக்காரிகளின் உடம்பில் மகரந்தத்தைக் காணோம். ஒன்று கரி பூசியதுபோல் கறுத்திருந்தது. ஒன்றின் மேல் செங்கல் தூள். இன்னொன்று மாவில் புரண்டதுபோல் வெளுத்திருந்தது. பூவுக்குப் போனவை இப்படி அழுக்காகத் திரும்பாதே என்று யோசித்தவருக்குப் பொறி தட்டியது: இவை புகைபோக்கிக்குள்ளும் இடிந்த சுவருக்குள்ளும் நுழைந்து வீடு பார்த்துவிட்டு வந்தவை.

பின்னர் அவர் தேனீக்களுக்கு வண்ணப் புள்ளி வைத்து, எது எந்த இடத்துக்காக ஆடுகிறது என்று மணிக்கணக்கில் குறித்துக்கொண்டார். தொடக்கத்தில் பத்துப் பன்னிரண்டு இடங்களுக்கு ஆட்டம் நடக்கும். நேரம் போகப்போக இடங்கள் குறைந்து, கடைசியில் எல்லாரும் ஒரே முகவரிக்கு ஆடுவார்கள். பிறகு கூட்டம் கிளம்பும். எங்கே போகிறது என்று பார்க்க மியூனிக் தெருக்களில் கூட்டத்துக்குக் கீழே அண்ணாந்தபடி அவர் ஓடியிருக்கிறார்.

அடுத்த கேள்வி, நல்ல வீடு என்று தேனீ எதைக் கருதுகிறது என்பது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தாமஸ் சீலி 1970களில் இதை எடுத்துக்கொண்டார். முதலில் மரப் பொந்துகளில் இருந்த காட்டுக் கூடுகளை அறுத்து அளந்தார். பிறகு ஒரே ஓர் அம்சத்தில் மட்டும் வேறுபடும் பெட்டிகளை ஜோடி ஜோடியாக மரங்களில் ஏற்றிவைத்து, கூட்டங்கள் எதைத் தேர்ந்தெடுக்கின்றன என்று பார்த்தார். விடை தெளிவாக இருந்தது. 10 லிட்டரும் வேண்டாம், 100 லிட்டரும் வேண்டாம், 40 லிட்டர் வேண்டும். வாசல் 75 சதுர செ.மீ. இருந்தால் பிடிக்காது, 12.5 சதுர செ.மீ., அதாவது தீப்பெட்டியின் முகப்பைவிடச் சற்றுச் சிறியதாக இருந்தால் பிடிக்கும். அந்த வாசலும் பொந்தின் அடிப்பக்கம் இருக்க வேண்டும். தரையிலிருந்து 1 மீட்டரைவிட 5 மீட்டர் உயரம் மேல். முன்பு தேனீ குடியிருந்த, அடை மிச்சமிருக்கும் பொந்து என்றால் இன்னும் விசேஷம். பொந்தின் வடிவத்தைப் பற்றி அவை கவலைப்படவில்லை. சந்து பொந்துகளையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை; அடைத்துக்கொள்ள அவற்றிடம் பிசின் உண்டு.

நம்மூர் வாஸ்துக்காரர்கள் தெற்கு வாசல் என்றால் முகம் சுளிப்பார்கள். சீலி சோதித்த நியூயார்க் மாநிலத் தேனீக்கு அதுதான் பிடித்தமான திசை.

இருட்டுப் பொந்தின் கொள்ளளவை ஒரு தேனீ எப்படி அளக்கிறது? வேவுத் தேனீ முதல் முறை வந்தால் சராசரியாக 37 நிமிடம் செலவிடும். உள்ளே போகும், ஒரு நிமிடம் நடக்கும், வெளியே வந்து முகப்பை மிதந்து பார்க்கும், மறுபடி உள்ளே போகும். முதலில் வாசல் பக்கத்தோடு நிற்கும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஆழம் போய்ச் சுவர் முழுக்க நடந்து தீர்க்கும். இந்த நடைதான் அளவுகோலா என்பதைச் சோதிக்க சீலி உருளை வடிவப் பெட்டி ஒன்றைச் சுழலும் மேடையில் வைத்தார். உள்ளே தேனீ நடக்கும்போது, தெரியாமல் சுவரைச் சுழற்றினார். தேனீ அதிகம் நடந்தாக வேண்டிய திசையில் சுற்றினால் சின்னப் பெட்டியையும் விசாலம் என்று நம்பியது. நடை குறையும்படி சுற்றினால் இடம் போதாது என்று முடிவுகட்டியது. கால்நடையாகவே நிலம் அளக்கும் சர்வேயர் அது.

திரும்பிய வேவுத் தேனீ கொத்தின் மேல் ஆடும். இடம் அருமை என்றால் ஆட்டம் நூறு சுற்றைத் தாண்டும். சுமார் என்றால் சில சுற்றுகளோடு முடிந்துவிடும். அந்த ஆட்டத்தைப் பார்த்த தேனீ தானும் நேரில் போய் இடத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஆடும், கேட்டதை வைத்து ஆடாது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஒவ்வொரு தேனீயும் அடுத்தடுத்த முறை வரும்போது தன் ஆட்டத்தைக் குறைத்துக்கொண்டே போய் ஒரு கட்டத்தில் நிறுத்திவிடும். அதனால் சுமாரான இடத்துக்கான பிரச்சாரம் தானாகவே வற்றிப்போகும். நல்ல இடத்துக்கு ஆள் சேர்ந்துகொண்டே இருக்கும். பிடிவாதக்காரர் இல்லாத பஞ்சாயத்து என்று இதைச் சொல்லலாம். ஏதாவது ஓர் இடத்தில் இருபது முப்பது வேவுத் தேனீக்கள் ஒரே நேரத்தில் கூடிவிட்டால் முடிவு எட்டியாயிற்று. அவை கொத்துக்குத் திரும்பிக் கீச்சென்ற ஒலியெழுப்பும். தொங்கும் தேனீக்கள் பறக்கும் தசைகளை 35 டிகிரி செல்சியஸுக்குச் சூடேற்றிக்கொள்ளும். கொத்து கலைந்து மேகமாக எழும். இடம் தெரிந்தவை சில நூறுதான். அவை கூட்டத்தின் மேற்புறத்தில் வேகமாகப் பாய்ந்து பாய்ந்து வழிகாட்ட, மற்றவை பின்தொடரும்.

மேற்சொன்ன ஆய்வுகள் ஐரோப்பியத் தேனீயை (இத்தாலியத் தேனீயும் அந்த இனம்தான்) வைத்து நடந்தவை. தொடக்கக்காரர் சறுக்கும் இடம் இதுதான். அமெரிக்கப் புத்தகத்தையோ வீடியோவையோ பார்த்து 40 லிட்டர் பெட்டியை, அதாவது இரண்டு தண்ணீர்க் கேன் கொள்ளளவை, தெற்கு பார்த்து வெயிலில் வைத்துவிட்டு இந்தியத் தேனீக்குக் காத்திருப்பார். நம் தேனீ உடலில் சிறியது, குடும்பமும் சிறியது. அது விரும்பும் பொந்து 10 முதல் 15 லிட்டர். ஏறக்குறைய ஒரு குடம். வாசலும் அதற்கேற்றாற்போல் குறுகலாக இருக்க வேண்டும். இப்போது மீட்டர் பெட்டியை நினைத்துப் பாருங்கள். இருட்டு, மழை படாத இடம், ஒயர் நுழையும் சின்ன ஓட்டை, ஆளுயரத்தில் சுவர், கொள்ளளவும் ஏறத்தாழ சரி. தேனீயின் கணக்கில் அது மிக நல்ல வீடு.

வணிகப் பெட்டிகளும் இந்தக் கணக்குக்கு அருகில்தான் இருக்கின்றன. இத்தாலியத் தேனீக்கான பத்துச் சட்ட லாங்ஸ்ட்ராத் பெட்டியின் புழு அறை 40 லிட்டரை ஒட்டி வரும். இந்தியத் தேனீக்கென்று தென்னிந்தியாவில் நியூட்டன் பாதிரியார் வடிவமைத்த பெட்டியில் ஏழு சட்டங்கள். அதன் புழு அறை ஏறத்தாழ 10 லிட்டர். அவர் 1911 முதல் 1917 வரை கிராமத்து மக்களுக்கு அந்தப் பெட்டியில் தேனீ வளர்க்கப் பயிற்சி கொடுத்தார். 1920களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. நடத்திய கிராமச் சீரமைப்பு மையம், ஸ்பென்சர் ஹேட்ச் என்ற அமெரிக்கரின் முயற்சியில் தேனீ வளர்ப்பையும் கையிலெடுத்தது. குமரி மாவட்டம் இன்றும் தேனுக்குப் பெயர்பெற்றிருப்பதன் வேர் அங்கே இருக்கிறது. பெட்டி வருவதற்கு முன் மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளில் மண்பானைதான் தேனீயின் வீடு. உட்புறம் மெழுகு தடவி, வாயை அடைத்து, சின்னத் துளை விட்டு வைத்தால் கூட்டம் தானாக வந்து ஏறும். இமயமலை அடிவாரத்தில் வீடு கட்டும்போதே சுவரில் ஒரு மாடம் விட்டு, வெளிப்பக்கம் சிறு துளையும் வைத்துவிடுவார்கள். வருடம் தோறும் வாடகைக்காரர் வருவார், தேனே வாடகை.

வீட்டின் அளவு சரி. அடுத்தது வாசனை.

புது மரத்தின் வாடையும் பெயின்ட் வாடையும் தேனீக்கு ஆகாது. பெட்டியைக் குறைந்தது சில வாரங்கள் காற்றில் போட்டு வாடை போகவைக்க வேண்டும். உட்பக்கம் வண்ணமே வேண்டாம். தேன்மெழுகை உருக்கிச் சட்டங்களின் மேற்கட்டையிலும் உட்சுவரிலும் தேய்த்துவிட்டால் 'இங்கே முன்பு ஆள் இருந்தார்கள்' என்ற சேதி போகும். பழைய அடையையே வைக்கலாமே என்று தோன்றும். ஐரோப்பியத் தேனீக்கு அது பலிக்கும். இந்தியத் தேனீயோ கறுத்த பழைய அடையை விரும்புவதில்லை. கடித்துக் கீழே தள்ளிவிட்டுப் புதிதாகக் கட்டும். அதற்குள் மெழுகுப் பூச்சி அந்த அடையில் முட்டையிட்டு நூலாம்படை கட்டிவிடும். நோய் வந்து அழிந்த பெட்டியின் அடை என்றால் நோயும் கூடவே வரும். ஆகவே சுத்தமான மெழுகுப் பூச்சு போதும்.

புல் தைலம் என்று குமரியிலும் கேரளத்திலும் விற்கும் எலுமிச்சைப்புல் எண்ணெயையும் பலர் சிபாரிசு செய்வார்கள். அதில் காரணம் இருக்கிறது. புது வீட்டு வாசலில் இறங்கிய பணித் தேனீக்கள் வயிற்றை உயர்த்தி, நுனியில் உள்ள நசோனோவ் சுரப்பியைத் திறந்து, சிறகால் விசிறி, 'இங்கே வாருங்கள்' என்ற வாசனையைப் பரப்பும். ஐரோப்பியத் தேனீயின் அந்த வாசனையில் சிட்ரலும் ஜெரானியாலும் முக்கியமானவை. எலுமிச்சைப்புல் எண்ணெயில் பெரும்பகுதி சிட்ரல்தான். பஞ்சில் இரண்டு சொட்டு விட்டு உள்ளே வைத்தால் போதும். பாட்டிலைக் கவிழ்த்தால் பெட்டி சோப்புக் கடைபோல் மணக்கும், எதுவும் வராது.

செரானா இனத்துக்கென்றே ஓர் அழைப்பு ஜப்பானில் உண்டு. அது ஒரு பூ. கின்ரியோஹென் என்று அங்கே அழைக்கப்படும் சிம்பிடியம் ஃபுளோரிபண்டம் என்ற ஆர்க்கிட் பூத்தால், அதில் ஜப்பானிய அடுக்குத் தேனீக்கள் மொய்க்கும். பணித் தேனீ மட்டுமின்றி ஆண் தேனீயும், சில வேளை முழுக் கூட்டமுமே வந்து தொட்டியின் மேல் கொத்தாக உட்காரும். ஐரோப்பியத் தேனீ அதைச் சட்டை செய்வதில்லை. அந்தப் பூவில் மது கிடையாது. தேனீக்கே உரிய வாசனையைப் போலிசெய்து, வந்தவற்றின் முதுகில் மகரந்தப் பொதியை ஒட்டிவிடுவதுதான் அதன் பிழைப்பு. 2013இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அந்தக் கவர்ச்சிக்குக் காரணம் இரண்டு கொழுப்பு அமிலங்களின் கலவை என்று கண்டறிந்தார்கள். அங்கே தேனீ வளர்ப்போர் பூத்த தொட்டியைக் காலிப் பெட்டிக்கு அருகில், வலை போட்டு மூடி வைப்பது வழக்கம். வலை எதற்கு? தேனீ தொட்டால் பூ சீக்கிரம் வாடிவிடும். விளம்பரப் பலகை நாளாக நிற்க வேண்டுமே.

இடத்துக்கு வருவோம். நியூயார்க்கில் பனி உருக வெயில் வேண்டும். நம் ஊரில் வெயிலிலிருந்து தப்பித்தால் போதும். குஞ்சுகள் இருக்கும் அடையை 33 முதல் 36 டிகிரிக்குள் வைத்திருக்கத் தேனீ படாதபாடு படும். மதிய வெயில் நேராக விழும் பெட்டியில் தண்ணீர் தூக்கியும் சிறகால் விசிறியும் களைத்து, கடைசியில் ஓடிவிடும். காலை வெயில் பட்டு மதியம் நிழல் விழும் இடம், பலத்த காற்று அடிக்காத பக்கம், அருகில் தண்ணீர் ஆகியவை இருந்தால் திசையைப் பற்றி மூளையைக் கசக்க வேண்டாம். உயரம் நல்லதுதான், ஆனால் தென்னை மரத்தில் பெட்டியைக் கட்டிவிட்டு, பத்தாயிரம் தேனீ நிறைந்த பிறகு அதை இறக்குவது எப்படி என்று யோசிப்பதில் லாபமில்லை. வீட்டு மொட்டைமாடியின் நிழல் மூலை, ஆளுயரப் பரண், உறுதியான கிளைக் கவட்டை ஆகியவை போதுமானவை. தாங்குகாலில் நிறுத்தினால் கால்களைத் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களில் வைக்க வேண்டும். எறும்பு ஏறிய பெட்டியை வேவுத் தேனீ முதல் பார்வையிலேயே நிராகரித்துவிடும்.

காலம்தான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். தென்மேற்குப் பருவமழையில் பூவும் இல்லை, பிரிதலும் இல்லை. அப்போது வைத்த பெட்டி பல்லிக்குத்தான். குமரியிலும் தென்கேரளத்திலும் மழை ஓய்ந்த அக்டோபரிலிருந்து குடும்பங்கள் பெருகத் தொடங்கும். ஆண்டு முடிவுவரை பிரிந்த கூட்டங்கள் பறக்கும். அதன் பிறகு ரப்பர் துளிர்க்கும் காலம். ரப்பர் தேன் பூவிலிருந்து வருவதன்று என்பது பலருக்குத் தெரியாது. மூன்று சிற்றிலைகள் கூடும் காம்பு நுனியில் இருக்கும் சுரப்பிகளில் இளந்தளிர்ப் பருவத்தில் மது ஊறும், தேனீ அதை நக்கி எடுக்கும். தேன் பெருகும் அந்த மாதங்களுக்கு முன்பே குடும்பம் பெட்டியில் நிலைகொண்டிருக்க வேண்டும். எனவே பெட்டியைச் செப்டம்பர் இறுதிக்குள் வைத்துவிடுவது சரி. மற்ற மாவட்டங்களில் உள்ளூர்ப் பூக்காலத்தை வைத்துக் கணக்குப் போட வேண்டும். புளியும் முருங்கையும் வேம்பும் எப்போது பூக்கின்றன என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். ஒன்றுக்கு இரண்டு மூன்று பெட்டிகள் வைப்பது மேல்.

வைத்த பிறகு செய்ய வேண்டியது பார்ப்பது மட்டுமே. ஒருநாள் முற்பகலில் வாசலருகே ஒன்றிரண்டு தேனீக்கள் தயங்கித் தயங்கி மிதக்கும். பூவுக்குப் போகிற தேனீ நேர்கோட்டில் பறக்கும். இது பெட்டியின் பக்கவாட்டையும் பின்புறத்தையும் முகர்ந்தபடி சுற்றும், மூலையில் உட்காரும், உள்ளே போய் வெளியே வரும். வேவுத் தேனீ இதுதான். மறுநாள் ஐந்தாறு வந்தால் பேச்சு நடக்கிறது என்று பொருள். இருபதுக்கு மேல் கூடிவிட்டால் அன்றைக்கே கூட்டம் வர வாய்ப்பு அதிகம். ஆர்வத்தில் அப்போது மூடியைத் திறந்து எட்டிப் பார்க்கிறவர் தன் வாடகைக்காரரைத் தானே விரட்டுகிறார். வந்து இறங்கும் காட்சி சில நிமிடங்களில் முடிந்துவிடும்: ஒரு பெரும் ரீங்காரம், வானில் புள்ளிப் புள்ளியாய் மேகம், பிறகு வாசல் பலகை முழுக்கப் பழுப்புக் கம்பளம் விரித்ததுபோல் தேனீக்கள் உள்ளே நடந்து போகும்.

அன்று மாலை சர்க்கரையும் தண்ணீரும் சம அளவு கலந்த பாகு ஒரு கிண்ணம் உள்ளே வைக்கலாம். மூழ்காமலிருக்க அதில் சில குச்சிகள். ஒரு வாரம் திறக்கவே கூடாது. வாசலில் ராணி தப்ப முடியாத, பணித் தேனீ மட்டும் நுழையும் தடுப்புத் தகடு பொருத்தச் சொல்வார்கள். இதில் ஒரு பொறி இருக்கிறது. வந்தது பழைய ராணியோடு வந்த முதல் கூட்டமாக இருந்தால் தகடு உதவும். முதல் கூட்டம் போன பின், அதே கூட்டிலிருந்து கன்னி ராணியோடு இரண்டாவது, மூன்றாவது கூட்டங்களும் கிளம்புவதுண்டு. கன்னி ராணி வெளியே பறந்து ஆண் தேனீக்களோடு கூடித் திரும்பினால்தான் பணித் தேனீயாகும் முட்டைகளை இடும். தகட்டைக் கழற்ற மறந்தால் அந்தக் குடும்பம் சில வாரங்களில் அழியும். சின்னக் கூட்டம் என்றால் சந்தேகப்பட்டு, தகட்டை ஓரிரு நாட்களிலேயே எடுத்துவிட வேண்டும். ஏற்கெனவே தேனீ வளர்ப்பவர் பக்கத்தில் இருந்தால், நோயில்லாத பெட்டியிலிருந்து புழு உள்ள ஒரு சட்டத்தைக் கேட்டு வாங்கி வைப்பது தகட்டைவிட நல்ல கயிறு. வளர்க்கக் குஞ்சு இருக்கும்போது தேனீ எளிதில் கூட்டைவிட்டுப் போகாது.

பானைக்கோ மீட்டர் பெட்டிக்கோ போய்விட்ட குடும்பத்தைப் பெட்டிக்கு மாற்றுவது வேறு வேலை. மாலை நேரத்தில் லேசாகப் புகைகாட்டி, புழு உள்ள அடைகளை ஒவ்வொன்றாக அறுத்து, சட்டத்துக்குள் நிறுத்தி, ஈர வாழைநாரால் கட்டி வைப்பார்கள். இரண்டு மூன்று நாளில் தேனீக்கள் அடையைச் சட்டத்தோடு மெழுகால் ஒட்டிவிட்டு, நாரைக் கடித்து நூல் நூலாக வாசலுக்கு வெளியே தள்ளிவிடும். அந்த நார்த் துணுக்குகள் வாசலில் கிடந்தால் குடும்பம் ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். இதை முதல் முறை அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் நிற்கத்தான் செய்ய வேண்டும். கொட்டினால் கொடுக்கை நகத்தால் உடனே சுரண்டி எடுக்க வேண்டும். மூச்சுத் திணறலோ உடலெங்கும் தடிப்போ வந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். கொட்டிய இடத்திலிருந்து எழும் எச்சரிக்கை வாசனை பழுத்த வாழைப்பழம்போல் மணக்கும், அது மற்ற தேனீக்களையும் கிளப்பிவிடும். கையில் பழத்தோடு பெட்டிக்கு அருகே போவது, வாழை விளையும் குமரியில்கூட, புத்திசாலித்தனமன்று.

காட்டுக் கூட்டத்துக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா, காசு கொடுத்துக் குடும்பத்தோடு பெட்டி வாங்கிவிடலாமே? வாங்கலாம், தவறில்லை. ஆனால் 1991-92இல் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியாவில் பரவியபோது புழுக்கள் நீர் நிறைந்த பையாக மாறிச் செத்தன. வளர்ப்புப் பெட்டிகளில் பெரும்பாலானவை காலியாயின. பலர் தொழிலையே விட்டார்கள், சிலர் இத்தாலியத் தேனீக்கு மாறினார்கள். இந்தியத் தேனீ மீண்டது, நோயைத் தாங்கி மிஞ்சிய குடும்பங்களிலிருந்துதான். மருந்தும் பாகும் இல்லாமல் பொந்தில் பிழைத்த குடும்பத்திலிருந்து பிரிந்து வரும் கூட்டம், அந்தத் தேர்வைத் தாண்டி வந்த ஒன்று. அதற்காகக் காட்டில் போய்ப் பொந்தை வெட்டிக் கூட்டைப் பிடுங்குவதை யாரும் ஆதரிக்க முடியாது. மரமும் போகும், குஞ்சும் போகும், பிடித்த குடும்பமும் பெரும்பாலும் தங்காது. தானாக வந்த கூட்டம் தங்கும் வாய்ப்பு அதிகம், ஏனென்றால் அந்த வீட்டை அது தானே தேர்ந்தெடுத்தது.

வந்து பத்து நாள் கழித்து, பெட்டியைத் திறக்காமலே ஒரு சோதனை செய்யலாம். காலை எட்டு மணிக்கு வாசலுக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்து திரும்பி வரும் தேனீக்களின் பின்னங்கால்களைப் பார்க்க வேண்டும். மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ மகரந்த உருண்டைகள் ஏறி வந்தால் உள்ளே ராணி முட்டையிட்டிருக்கிறது, புழுக்களுக்குச் சாப்பாடு போகிறது என்று நம்பலாம். இந்தப் பருவத்தில் வராத தேனீ அடுத்த பூக்காலத்தில் வரக்கூடும்; பெட்டியைத் துடைத்து, எறும்புக் கிண்ணத்துக்குத் தண்ணீர் ஊற்றிவைத்தால் போதும்.

ஒரு வேண்டுகோள். வீட்டு மீட்டர் பெட்டியில் கூட்டம் குடியேறிவிட்டால் மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள், பந்தம் கொளுத்தாதீர்கள். மின்வாரிய ஊழியரை அழைத்து இணைப்பைத் துண்டிக்கச் சொல்லிவிட்டு, ஊரில் தேன்பெட்டி வைத்திருப்பவருக்கு ஒரு போன் போடுங்கள். பச்சை வண்ணப் பெட்டியோடு மாமரத்தடியில் காத்திருக்கும் ஒருவர் அநேகமாகப் பக்கத்துத் தெருவிலேயே இருப்பார்.